ஆவி அறையில் ஓர் ஆப்பு

"உள்ளே யாராச்சும் இருக்கீங்களா?"

கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண்குரல் கேட்டது. அவசரமில்லாத குரல். கடையைச் சாத்தப்போகிறவர் கடைசியாக ஒருமுறை கேட்டுக்கொள்வாரே, அந்த மாதிரி.

"இருக்கோம், ரெண்டு பேரு," என்றார் கண்டக்டர்.

பதிலுக்கு ஒரு சத்தம் வந்தது. டொக். கதவின் அடியில், சுத்தியலால் அடித்தது போல. மறுபடி டொக். மூன்றாவது அடியில் கதவு முழுவதும் ஒருமுறை அதிர்ந்து நின்றது. பிறகு செருப்புச் சத்தம் மெல்லத் தேய்ந்து போனது.

கண்டக்டர் கதவைத் தள்ளிப் பார்த்தார். தோளைக் கொடுத்துத் தள்ளினார். தொண்ணூறு கிலோ உடம்பை நாலடி பின்னால் கொண்டுபோய் ஓடிவந்து மோதினார். கதவு அசையவில்லை. தோள்தான் வலித்தது.

"மேடம், இருக்கீங்களான்னு கேட்டான். இருக்கோம்னு சொன்னேன். கேட்டுட்டு அடைச்சுட்டுப் போறான்."

"நானும் கேட்டேன்," என்றாள் சர்வேயர். அவள் கையிலிருந்த டார்ச் கதவின் மேல் நின்றது.

அவளை ஊரில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பதினெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கிடங்கு, இடிந்த சுவர், கவிழ்ந்த லாரி என்று பார்த்துப் பார்த்து, எது விபத்து எது விபத்து மாதிரி என்று முகர்ந்தே சொல்லும் அளவுக்கு வந்தபின், வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவள். கண்டக்டருக்கும் பெயர் பழைய உத்தியோகத்தால் வந்ததுதான். இருபத்திரண்டு வருடம் பஸ்ஸில் நின்று முட்டி தேய்ந்தபின் அவளிடம் உதவியாளராகச் சேர்ந்தார். உட்கார்ந்து செய்கிற வேலை என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டாள். இந்த நான்கு வருடத்தில் அவர் உட்கார்ந்த நேரத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இப்போது அவர்கள் நின்றது ஒரு நாற்காலித் தொழிற்சாலையின் ஆவி அறைக்குள். பத்தடிக்குப் பன்னிரண்டடி. இரண்டடி கனச் செங்கல் சுவர். ஜன்னல் கிடையாது. நடுவில் ஆளுயரத்துக்குப் பலகைகள் அடுக்கியிருந்தன. பின்சுவரில், முழங்கால் உயரத்தில், ஒரு இரும்புக் குழாயின் வாய். பக்கத்து பாய்லரிலிருந்து வரும் நீராவி அந்த வாய் வழியாகத்தான் உள்ளே வரும். வாரத்தில் ஆறு நாள் நாற்காலி வேலை. விடுமுறை நாளில் மட்டும் இந்த அறையில் பலகைகளை நாள் முழுக்க ஆவியில் வேகவைப்பார்கள்.

ஒரு மாதத்துக்கு முன் அப்படி ஒரு விடுமுறை நாளில்தான் தொழிற்சாலை முதலாளி இந்த அறைக்குள் செத்துக்கிடந்தார்.

கதவு ஆவியில் ஊதி இறுகிக்கொண்டது, கடப்பாரை போட்டுத்தான் திறந்தேன் என்று தொழிற்சாலை மேஸ்திரி சொன்னார். போலீஸும் அதையே எழுதிக்கொண்டது. முதலாளியின் மகள் மட்டும் நம்பவில்லை. அப்பாவோடு நாலு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த சித்தப்பாதான் ஏதோ செய்துவிட்டார் என்று நம்பினாள். சித்தப்பா சாவு வீட்டுக்குள் நுழைந்தபோது, எல்லோர் முன்னாலும் அவரை வெளியே போகச் சொன்னாள். அவர் வாசலோடு திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அவள் சர்வேயரைத் தேடி வந்தாள்.

இன்று காலை மேஸ்திரியே அவர்களை உள்ளே அழைத்துவந்து காட்டினார். "லீவு நாள்தான், ஆனா இன்னைக்கு மட்டும் பாய்லர் கிடையாது, நிதானமா பாருங்க," என்றார். பிறகு முதலாளி அறையின் சாவியைக் கொண்டுவருகிறேன் என்று வீட்டுக்குப் போனார். கதவு இடுக்கில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, சர்வேயர்தான் கதவைச் சாத்தச் சொன்னாள். சாத்தியவர் கண்டக்டர். அதை நினைத்தால் அவருக்குத் தன்மேலேயே கோபமாக வந்தது.

"போன்?" என்றாள்.

"ஸ்கூட்டர் பெட்டியில பத்திரமா இருக்கு. உங்களது?"

"இந்தச் சுவருக்குள்ள சிக்னல் இல்ல."

"இது என்ன மரம்னு கேட்டேன், பீச்னு சொன்னீங்க. நானும் காத்து வாங்கப்போறோம்னு சந்தோஷமா வந்தேன்."

அவள் சிரிக்கவில்லை. டார்ச்சைக் கதவுக்கு அருகே கொண்டுபோனாள். வெளிறிய சிவப்பில், எள்ளைத் தூவியது போலச் சின்னச் சின்னப் பழுப்புக் கீற்றுகள் ஓடிய மரம். அந்தக் கீற்றுகளை வைத்தே பீச் மரத்தை அடையாளம் கண்டுவிடலாம் என்று வழியில் சொல்லியிருந்தாள். வாசனையோ ருசியோ கிடையாது, அதனால் கரண்டி, காய் நறுக்கும் பலகை எல்லாம் அதில் செய்வார்கள். இரும்பு மாதிரி அடி தாங்கும், அதனால் தச்சனின் மரச்சுத்தியான கொட்டாப்புளியும் அதில்தான். ஆவி காட்டினால் கயிறு போல வளையும், அதனால் நாற்காலி. எல்லாம் நல்ல குணம். ஒரே ஒரு கெட்ட குணம், ஈரத்தைக் கண்டால் ஊதும்.

"மேஸ்திரி ரெண்டு பொய் சொல்லியிருக்கார்," என்றாள். "அன்னைக்கு ஊதின கதவை அப்புறம் ஓரம் இழைச்சுட்டோம்னு சொன்னாரில்ல? இந்த ஓரத்தைத் தொட்டுப் பாருங்க."

கண்டக்டர் தொட்டார். விரலில் பிசுக்கு ஒட்டியது.

"பல வருஷத்து அழுக்கு. இழைப்புளி பட்டிருந்தா இது இருக்குமா? இது ஒண்ணு. கடப்பாரை போட்டு நெம்பின கதவுன்னா ஓரம் நசுங்கியிருக்கணும். ஒரு சில்லு கூடப் போகல. இது ரெண்டு." பிறகு அவள் குனிந்தாள். "இதையும் பாருங்க."

கதவின் உட்பக்கம், தரையிலிருந்து நாலு விரல் உயரத்துக்குள், கீறல்கள். நகத்தாலோ சாவியாலோ சுரண்டியவை. மேலே எங்கேயும் ஒன்று கூட இல்லை.

"மயங்கி விழுந்து, கீழே கிடந்தபடி கீறியிருக்கார்னு போலீஸ் எழுதியிருக்கு," என்றார் கண்டக்டர்.

"கதவுப் பலகை எல்லாம் நெட்டுக்குத்தா இருக்கு. மரம் அகலத்துலதான் ஊதும், நீளத்துல ஊதாது. அப்போ கதவு இறுகினா ரெண்டு பக்கமும்தான் இறுகணும். முப்பது வருஷம் இந்த மரத்தோடயே வாழ்ந்தவருக்கு அது தெரியாதா? பக்கவாட்டுல பிடிச்ச கதவை எதுக்கு அடியில சுரண்டணும்?"

அவள் கைப்பையிலிருந்து விசிட்டிங் கார்டு ஒன்றை எடுத்துக் கதவின் இடது இடுக்கில் செருகி, மேலிருந்து கீழே இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது. வலது பக்கமும் அப்படியே. பிறகு தரையில் மண்டியிட்டு, கதவுக்கு அடியில் ஒரு விரல் கனத்துக்கு இருந்த இடைவெளியில் கார்டை ஓட்டினாள். பாதி தூரம் போனதும் கார்டு முட்டி மடங்கியது.

"இங்கதான். வெளியிலேருந்து ஆப்பு அடிச்சிருக்கு. அன்னைக்கும் இதே இடம்."

"மேடம், நமக்கு ஆப்பு வச்சுட்டாங்கன்னு ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். கண்ணால பாக்கறது இதுதான் முதல் தடவை."

அப்போது பின்சுவர்க் குழாய் இருமியது.

முதலில் கொஞ்சம் துருத்தண்ணீர் துப்பியது. அப்புறம் வயதான நாய் மூச்சு விடுவது போல ஒரு சத்தம். அதன்பின் வெள்ளையாக ஒரு புகைமூட்டம் குழாய் வாயிலிருந்து சுருண்டு எழுந்து கூரையைத் தொட்டது.

பாய்லர் கிடையாது என்று மேஸ்திரி சொன்னது கண்டக்டருக்கு நினைவு வந்தது. அவர் போய் இரண்டு கைகளாலும் கதவைத் தட்டினார். கத்தினார். ஒரு காலத்தில் நெரிசல் நேர பஸ்ஸின் பின்படிவரை எட்டிய குரல். இந்தச் சுவருக்குள் அது அவர் காதையே அறைந்துவிட்டுச் செத்துப்போனது.

"கத்தாதீங்க. மூச்சு வேணும். கீழே படுங்க," என்றாள் சர்வேயர். "சூடு மேலேருந்துதான் இறங்கும். தரைக்கு வர்றதுக்குப் பத்து நிமிஷம் இருக்கு. குறைச்சலாவும் இருக்கலாம்."

"கடைசியில சொன்னதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்."

அவர் கைக்குட்டையைக் குழாய் வாயில் திணிக்கப் போய், விரல் வெந்து, கையை உதறிக்கொண்டு திரும்பினார். அதற்குள் அறையின் மேல்பாதி காணாமல் போயிருந்தது. டார்ச் வெளிச்சம் பாலில் விட்டது போலக் கரைந்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. காற்றை இழுத்தால் வெந்நீர் குடிப்பது போல மார்புக்குள் இறங்கியது. மனைவி காலையில் ஏதோ வாங்கிவரச் சொன்னாள். என்ன என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அது நினைவுக்கு வராமலே போய்விடுமோ என்பதுதான் அந்த நேரத்தில் அவருக்குப் பெரிய பயமாக இருந்தது.

"கண்டக்டர். பலகைக்கு நடுவுல கொடுத்திருக்கிற ரீப்பரை உருவுங்க."

பலகைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க, அடுக்குக்கு அடுக்கு மெல்லிய ரீப்பர் கட்டைகள் கொடுத்திருந்தார்கள். அவர் மேலேயிருந்து ஒன்றை இழுத்தார்.

"மேலே வேண்டாம். அது ஆவி பட்டு இளகியிருக்கும், தள்ளினா வளையும். அடியில எடுங்க. சீக்கிரம், வெளியில இருக்கிற ஆப்பும் இதே மரம்தான். இடுக்கு வழியா போற ஆவியைக் குடிச்சு அதுவும் ஊதிக்கிட்டிருக்கு. ஒவ்வொரு நிமிஷமும் இறுகும்."

அப்போதுதான் கண்டக்டருக்கு உறைத்தது. அன்றைக்கு ஊதியது கதவில்லை. அந்த மனிதர் கீழே குனிந்து சுரண்டச் சுரண்ட, ஆப்பு ஊதிக்கொண்டே இருந்திருக்கிறது.

அடிவரிசையிலிருந்து ஒரு ரீப்பரை உருவினார். சர்வேயர் குப்புறப் படுத்து, அதன் முனையைக் கதவுக்கு அடியில் விட்டு ஆப்பின் நுனியில் பொருத்திப் பிடித்தாள். கண்டக்டர் அடுக்குக்கு முட்டுக்கொடுத்திருந்த குட்டைக் கட்டை ஒன்றை எடுத்து அதன் மறுமுனையில் அடித்தார். நாலாவது அடியில் ரீப்பர் குறுக்காக முறிந்தது.

"நார் சாய்ஞ்சு ஓடியிருக்கு," என்றாள் இருமலுக்கு நடுவே. "இந்தக் கோடி முதல் அந்தக் கோடிவரை நேரா ஓடுற கட்டையா எடுங்க."

கண் எரிந்தது. அவர் கட்டை கட்டையாகத் தடவிப் பார்த்தார். இத்தனை வருடம் கும்மிருட்டில் விரலாலேயே சில்லறை தடவிக் கொடுத்தவர். ஒரு கட்டையில் நகத்தை வைத்து இழுத்தபோது, நகம் வழி மாறாமல் நேராகப் போனது. அதை உருவினார்.

"உங்க விரல்மேல பட்டுடும் மேடம்."

"பட்டா பட்டுட்டுப் போகுது. அடிங்க."

அடித்தார். ஒரு அடி பிசகி அவள் விரலில்தான் விழுந்தது. அவள் பல்லைக் கடித்தாளே தவிரக் கையை எடுக்கவில்லை. மீண்டும் அடித்தார். எத்தனை அடி என்று தெரியாது. ஆவி இப்போது அவர் காதுமடல்வரை இறங்கியிருந்தது. அழுகிறாரா வியர்க்கிறதா என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு, கட்டைக்கு எதிரே இருந்த பிடிவாதம் சட்டென்று இல்லாமல் போனது. வெளியே ஏதோ ஒன்று சிமெண்டுத் தரையில் உருண்டு ஓடும் சத்தம் கேட்டது.

இருவரும் கதவோடு சேர்ந்து வெளியே விழுந்தார்கள்.

வெளிக்காற்று அத்தனை குளிர்ச்சியாக இருக்கும் என்று கண்டக்டர் நினைத்ததே இல்லை. நாலு மூச்சு இழுத்தபின் தலையைத் தூக்கினார். பட்டறையின் அந்தக் கோடியில், அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி, வெள்ளைத் தலையோடு ஒரு மெலிந்த ஆள் எண்ணெய்க் குவளையோடு நின்றார். பாய்லர்காரர். மேஸ்திரியின் மாமனார். முதல் நாள் விசாரணையில் நேருக்கு நேர் உட்கார்ந்து, கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் மரியாதையாகப் பதில் சொன்னவர்.

கண்டக்டர் குட்டைக் கட்டையை இறுக்கிப் பிடித்து எழுந்தார். சர்வேயர் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்க மேடம். கேட்டுட்டு அடிச்சவன்."

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். கொல்லப்போறவன் எதுக்குக் கேக்கணும்?"

அவள் கட்டையை அவர் கையிலிருந்து வாங்கினாள். பக்கத்தில் அடுக்கியிருந்த இரும்புத் தகடுகளின்மேல் ஓங்கி எறிந்தாள். பட்டறையே அதிர்ந்தது. கூரையிலிருந்த புறாக்கள் படபடத்துப் பறந்தன.

பாய்லர்காரர் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவர் தோள்கூட அசையவில்லை.

கண்டக்டர் எடுத்துவைத்த காலைப் பின்னால் வைத்தார்.

"ஆவி விடும்போது கதவு திறந்துக்காம இருக்கத்தான் ஆப்பு. ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டுத்தான் அடைக்கிறார்," என்றாள் சர்வேயர் மெல்ல. "பதில் வரலைன்னா அடைக்கலாம். அவருக்குப் பதில் வர்றதே இல்ல. எதிரே நின்னு பேசினா உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்குவார். கதவுக்கு உதடு கிடையாதே."

பறந்த புறாக்களில் ஒன்று கண்முன்னே போனபோதுதான் பாய்லர்காரர் திரும்பினார். ஆவி பறக்க, சொட்டச் சொட்ட நனைந்து நின்ற இருவரையும் பார்த்தார். திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். குவளை கைநழுவியது.

"நான் கூப்பிட்டேனே," என்றார். "கூப்பிட்டுட்டுத்தானே அடிச்சேன்."

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. மேஸ்திரி ஓடிவந்தார். ஒரே பார்வையில் எல்லாம் புரிந்தவர் போல மாமனாருக்கும் சர்வேயருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"மாமா, இன்னைக்கு வேண்டாம்னு காலையில சொன்னேனே."

"எப்ப சொன்னே மாப்ளே?"

"வரும்போது. வண்டியில." சொல்லும்போதே மேஸ்திரியின் குரல் இறங்கியது. வண்டியில் மாமனார் பின்னால் உட்கார்ந்திருந்தார். மருமகனின் முதுகைத்தான் பார்த்திருப்பார்.

மேஸ்திரி மாமனாருக்கு முதுகைக் காட்டியபடி சர்வேயரிடம் தணிந்த குரலில் பேசினார்.

"அவருக்குத் தெரியாது மேடம். காது போய் ரெண்டு வருஷமாச்சு. தெரிஞ்சா பாய்லர் பக்கம் விடமாட்டாங்கன்னு மறைச்சோம். வேலை இல்லாம அவரால ஒரு நாள் இருக்க முடியாது. அன்னைக்கு நான் வந்து பாத்தப்ப ஆப்பு அடிச்சபடியே இருந்துச்சு. நான்தான் தட்டி எடுத்தேன். முதலாளி தானே ஆப்பை எடுத்துட்டு உள்ளே போனாரு, கதவு ஊதிக்கிச்சுன்னு இவர்கிட்ட சொன்னேன். போலீஸ்கிட்ட கதவு ஊதினதை மட்டும் சொன்னேன். விபத்துன்னுதானே சொன்னேன் மேடம். யார்மேலயும் பழி போடலையே."

"நீங்க போடல. அந்தப் பொண்ணு சித்தப்பாமேல போட்டா. நீங்க பாத்துக்கிட்டு சும்மா இருந்தீங்க," என்றாள் சர்வேயர். "இன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் செத்திருந்தா, மறுபடியும் கதவு ஊதிச்சுன்னுதானே சொல்லியிருப்பீங்க?"

மேஸ்திரி கையைக் கூப்பினார். சொல்லிவிடாதீர்கள் என்று கண்ணால் கெஞ்சினார்.

"மாப்ளே." பாய்லர்காரர் கீழே கிடந்த ஆப்பை எடுத்துக் கையில் வைத்திருந்தார். அது ஆவியில் நனைந்து சிவந்திருந்தது. "ஒரு மாசமா நீ என்கிட்ட திரும்பிக்கிட்டேதான் பேசுறே. எம்மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. அன்னைக்கும் இப்படித்தான் நடந்துச்சா?"

மேஸ்திரி திரும்பினார். உதடு நடுங்கியதே தவிர, படிக்கும்படியாக அதில் ஒன்றும் வரவில்லை.

சர்வேயர் அவரை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள். ரத்தம் கசிந்த விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். கிழவரின் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பிரித்துச் சொன்னாள்.

"நீங்க கூப்பிட்டீங்க. அவர் பதில் சொல்லியிருப்பார். உங்களுக்குக் கேக்கல. தெரிஞ்சு செய்யல. ஆனா ஆப்பு அடிச்சது நீங்கதான்."

அவர் கண் அவள் உதட்டைவிட்டு நகரவில்லை. அவள் பேசி முடித்த பிறகும் அங்கேயே நின்றது, இன்னும் ஏதாவது வரும் என்பது போல. பிறகு ஆப்பைப் பக்கத்திலிருந்த பட்டறை மேஜையின்மேல் சத்தமில்லாமல் வைத்தார். பாய்லரண்டை போய் வால்வைத் திருகி மூடினார். அடுப்பிலிருந்த நெருப்பை ஒரு கங்குகூட மிச்சமில்லாமல் வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றினார். எதிலும் அவசரமில்லை. யாரும் தடுக்கவுமில்லை. கையைக் கழுவி, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

"முதலாளி பொண்ணுகிட்ட நானே சொல்றேன். நடந்தே போயிடலாம், ரெண்டு தெருதான்."

மேஸ்திரி தடுக்க வந்து, பாதியில் கையைத் தாழ்த்திக்கொண்டார்.

கண்டக்டர் இத்தனை நேரம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடிக்கொண்டே இருந்தார். எந்தப் பிரேதத்துக்குப் பக்கத்திலும் ஒரு நக்கல் கிடைத்துவிடும் அவருக்கு. இன்று கிடைக்கவில்லை. பாய்லர்காரர் நேரே அவரிடம் வந்தார்.

"உங்ககிட்ட பேனா இருக்கா தம்பி?"

"இருக்குங்க."

"அழுதுக்கிட்டே பேசினா எனக்கு உதடு புரியாது. அவ அழுவா. நீங்க பக்கத்துல உக்காந்து அவ சொல்றதை எழுதிக் காட்டணும். திட்டினாலும் ஒரு வார்த்தை விடாம எழுதணும்."

கண்டக்டர் அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி நின்றுகொண்டார்.

"எழுதறேங்க," என்றார். தெளிவாகத் தெரியட்டும் என்று இன்னொரு முறையும் சொன்னார்.